மஸ்ல் லிப்சி: கறார் பேர்வழி, ஆனா நம்பலாம் (5-க்கு 4)

ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னர் யூஸ் பண்றவங்க எல்லாருமே தெரிஞ்சோ தெரியாமலோ மஸ்ல்ங்கிற சி லைப்ரரி மேலதான் ஓடிட்டு இருக்கீங்க. சி லைப்ரரிக்கெல்லாம் ரிவ்யூவான்னு கேக்காதீங்க, மத்த லினக்ஸ்ல வழக்கமா இருக்குற சி லைப்ரரியான ஜிலிப்சில சமர்த்தா ஓடுற கோடு இங்க வந்து மல்லாக்க விழுந்தா முதல்ல திட்டு வாங்குறது இதுதான், ஆனா பாதி நேரம் தப்பு அந்தக் கோடுல இருக்கும்.

எர்ரர் நம்பரை மெசேஜா மாத்துற ஸ்ட்ரெர்ரர்_ஆர் ஃபங்ஷனை எடுத்துக்கோங்க. நீங்க குடுத்த பஃபர்ல மெசேஜை எழுதிட்டு ஒரு இன்ட் திருப்பிக் குடுக்கணும், யூனிக்ஸ் மாதிரி சிஸ்டத்துக்கான ஸ்டாண்டர்டான போசிக்ஸ் சொல்றது அவ்ளோதான். ஜிலிப்சில அதோட சொந்த வசதிகளைத் திறக்குற ஜிஎன்யூ சோர்ஸ் மேக்ரோ போட்டுட்டா அதே பேர்ல வேற ஆள் வருவாரு, அவரு குடுக்குறது பாயின்டர், உங்க பஃபரைத் தொடாமலே கூட விட்டுருவாரு. மஸ்ல்ல மேக்ரோ போட்டாலும் போடாட்டியும் போசிக்ஸ்தான். பாயின்டர்னு நம்பி வாங்கி வச்ச பழைய கோடுல சக்சஸுக்கு வர்ற 0 போய் உக்காந்துக்கும், கம்பைலர் வார்னிங்கையும் கண்டுக்கலன்னா எர்ரர் மெசேஜ் வர வேண்டிய இடத்துல வெறும் நல் பாயின்டர்தான்.

ஃபைல் பாதையில கடைசிப் பேரை எடுக்குற பேஸ்நேம் ஃபங்ஷனும் இதே கதை. 2024-ல வந்த 1.2.5-ல ஸ்ட்ரிங் ஹெடர்ல இருந்த அதோட டிக்ளரேஷனைத் தூக்கிட்டாங்க, லிப்ஜென் ஹெடரைச் சேர்க்காத ப்ராஜெக்ட் பலதும் பில்ட்லயே நின்னுச்சு. எரிச்சல்தான், ஆனா ரன்டைம்ல கிராஷ் ஆகுறதுக்கு இது எவ்ளோவோ மேல். இது மஸ்லான்னு கண்டுபிடிக்க ஒரு மேக்ரோ கேட்டா அதுவும் தர மாட்டாங்க, வசதி இருக்கான்னு டெஸ்ட் பண்ணிக்கோன்றாங்க. எனக்கு அது நியாயமாத்தான் படுது.

2020-ல 1.2.0-ல 32 பிட் மெஷின்லயும் நேரத்தை வச்சுக்குற டைம்_டியை 64 பிட் ஆக்குனாங்க பாருங்க, 32 பிட் நேரக் கணக்கு 2038-ல தீர்ந்து போற பிரச்சனைக்கு, பழைய பைனரியும் உடையாம. அதுக்கே ஒரு ஸ்டார்.

குறை இல்லாம இல்ல. சைட் பேரை ஐபி முகவரியா மாத்துற டிஎன்எஸ்ல பதில் பெருசா இருந்தா டிசிபி கனெக்ஷன்ல திரும்பக் கேக்குற வேலை 2023-ல 1.2.4-லதான் வந்துச்சு, இவ்ளோ லேட்டுக்கு என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் குடுக்குற ஸ்டாக் மெமரி வேற டிஃபால்ட்டா 128 கேபிதான், ஜிலிப்சில வழக்கமா 8 எம்பி கிடைக்கும். ஸ்டாண்டர்டு இதுல அளவு எதுவும் சொல்லல, அதனால தப்புன்னும் சொல்ல முடியாது, ஆனா ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுற ரிகர்ஷன் ஆழமா போற ப்ரோக்ராம்னா த்ரெட் ஆட்ரிப்யூட்ல சைஸை நீங்களே செட் பண்ணிருங்க.

சோர்ஸ் கையில இருந்தா தாராளமா மாறுங்க. யாரோ குடுத்த ஜிலிப்சி பைனரி மட்டும்தான் இருக்குன்னா இந்தப் பக்கம் வராதீங்க.