யூபிளாக் ஆரிஜின்: ஒரு பிரவுசிங் சென்டர்காரியின் விமர்சனம்

அலங்காநல்லூரிலிருந்து பாலமேடு போகிற வழியில் ஜெராக்ஸும் பிரவுசிங் சென்டரும் சேர்த்து ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ரிசல்ட், பட்டா, கரண்ட் பில் என்று ஆளுக்கொரு வேலை. ஜனவரியில் காளைகளுக்கும் மாடுபிடி வீரர்களுக்கும் ஆன்லைன் பதிவு திறந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது. அந்த நெரிசலில் திரையில் "உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யவும்" என்று ஒரு போலிப் பெட்டி வந்தால் யார் நிதானமாகப் படித்துப் பார்ப்பார்கள்? நீல பட்டனைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சுவரில் அறிவிப்பு ஒட்டிப் பார்த்தேன், வாயால் சொல்லிப் பார்த்தேன். வருகிறவர்கள் தினமும் புது ஆட்கள். எத்தனை பேருக்குப் பாடம் எடுப்பது? அந்தப் பெட்டி திரைக்கு வராமலே இருந்தால்தான் எனக்கு நிம்மதி. அதற்காகப் போட்டதுதான் யூபிளாக் ஆரிஜின்.

இது தனி சாஃப்ட்வேர் இல்லை, விளம்பரங்களைத் தடுக்க பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன். ரேமண்ட் ஹில் என்பவர் 2014-ல் வெளியிட்டது. முழுக்க இலவசம், மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. மனுஷர் நன்கொடைகூட வாங்குவதில்லை. கொடுக்க ஆசைப்பட்டால் தடுப்புப் பட்டியல்களைப் பராமரிக்கிறவர்களுக்குக் கொடுங்கள் என்கிறார்.

விளம்பரத்தைத் தடுக்கும் ஒன்றுக்கும் போலி அப்டேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் கடையில் அந்தப் பெட்டிகள் வந்த வழியைச் சொன்னால் புரியும். காளைப் பதிவுக்கு ஓடிபி வரக் காத்திருக்கிற தம்பி சும்மா இருப்பானா? பக்கத்து டேபில் இலவசமாக மேட்ச் காட்டும் ஏதோ ஒரு தளத்தைத் திறப்பான். அந்தத் தளங்களில் பிளே பட்டனுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு பட்டனை விரித்து வைத்திருப்பார்கள். முதல் தட்டு வீடியோவுக்குப் போகாது, விளம்பரக்காரன் டேப் ஒன்றைத் திறக்கும். "வீடியோ பிளேயர் காலாவதியாகிவிட்டது" என்பான். சிலர் இன்றைக்கும் ஃப்ளாஷ் பிளேயரைத்தான் அப்டேட் செய்யச் சொல்கிறார்கள். ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடி செய்தும்விட்டது. செத்துப்போன காளைக்கு டோக்கன் வாங்கித் தருகிறேன் என்பது போலத்தான் இது.

பழைய டிஎன்பிஎஸ்சி வினாத்தாள் தேடி வருகிற பிள்ளைகள் கதை வேறு. பிடிஎஃப் கிடைக்கும் பக்கத்தில் டவுன்லோட் என்று பச்சையில் பெரிதாக நாலு பட்டன் இருக்கும், நாலும் விளம்பரம். உண்மையான இணைப்பு ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும். என் வேலையிலும் இதே தொல்லை உண்டு. பிரின்டர் டிரைவர் என்று தேடினால் முதலில் வருவது பிரின்டர் கம்பெனியின் தளமாகவே இருக்காது; "உங்கள் டிரைவர்கள் எல்லாவற்றையும் அப்டேட் செய்கிறோம்" என்று காசு கொடுத்து மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் விளம்பரம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தேடல் முடிவுகளில் வரும் இந்த மாதிரிப் போலி விளம்பரங்களைப் பற்றி எச்சரித்தபோது, விளம்பரத் தடுப்பான் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றே சொன்னது.

யூபிளாக் இந்த இடத்தில் நன்றாக வேலை செய்கிறது. பெட்டி வந்தபிறகு அதை மூடுவதில்லை. பெட்டியைக் கொண்டுவரும் விளம்பர முகவரிகளையே பிரவுசர் தொடாதபடி நிறுத்திவிடுகிறது. எந்தெந்த முகவரி என்பதற்குப் பட்டியல்கள் இருக்கின்றன. விளம்பரத்துக்கு ஈஸிலிஸ்ட், இணையத்தில் நாம் எங்கெங்கே போகிறோம் என்று பின்தொடர்கிறவர்களுக்கு ஈஸிபிரைவசி. மால்வேர் பரப்பும் முகவரிகளுக்கென்றே ஒரு பட்டியலும் போட்ட உடனேயே டிக் ஆகி இருக்கிறது. நாம் எதையும் திருக வேண்டியதில்லை. மோசமான பக்கத்துக்கே நேராகப் போனால், பக்கத்துக்குப் பதிலாக ஓர் எச்சரிக்கை வருகிறது: இந்த முகவரியைத் தடுத்திருக்கிறோம், திரும்பிப் போகிறீர்களா என்று. தொடரவும் ஒரு பட்டன் உண்டு, ஆனால் என் கடையில் அதை அழுத்துகிற பொறுமை யாருக்கும் இருந்ததில்லை. மேலே ஓரத்தில் ஒரு சிவப்புக் கேடயம், அதன்மேல் எத்தனை தடுத்தது என்று ஓர் எண். சினிமாச் செய்தித் தளம் எதையாவது திறந்தால் அந்த எண் சரசரவென்று ஏறுவதைப் பார்க்கலாம்.

சில நேரம் தேவையானதையும் நிறுத்திவிடும். ஒரு கல்லூரியின் கட்டணப் பக்கத்தில் ரசீது வரவே இல்லை. கேடயத்தைத் தட்டினால் பெரிய பவர் பட்டன் வரும். அதை அணைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றியதும் ரசீது வந்துவிட்டது. அந்த ஒரு தளத்துக்கு மட்டும்தான் அணையும், மற்ற இடங்களில் காவல் அப்படியே இருக்கும்.

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டால் ஆகாதா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். நானும் அதை முன்னால் போட்டிருந்தவள்தான். அது பண்ணிய முக்கியமான வேலை, மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி விட்டு "உங்கள் சந்தா முடியப்போகிறது" என்று பயமுறுத்தியது. இப்படிப் பெட்டிகளைக் கண்டதும் தட்டுகிற பழக்கத்தை அவர்களே மக்களுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் போலிப் பெட்டியைத் தட்டாதே என்றால் எப்படி? இப்போது விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே இருக்கிறது. அதுவும் யூபிளாக்கும் சேர்ந்தால் என் கடை அளவுக்குத் தாராளம்.

போடும்போது கொஞ்சம் கவனம். இதே சாயலில் பெயர் வைத்துக்கொண்டு வேறு சில எக்ஸ்டென்ஷன்கள் உலாவுகின்றன. 2018-ல் குரோம் ஸ்டோரிலேயே ஐந்து போலி விளம்பரத் தடுப்பான்களை ஆட்கார்ட் நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. எல்லாம் சேர்த்து 2 கோடிப் பேருக்கு மேல் போட்டிருந்தார்கள். அதனால் "யூபிளாக்" என்று மட்டும் இருந்தால் போடாதீர்கள். "யூபிளாக் ஆரிஜின்" என்று முழுப்பெயரும், உருவாக்கியவர் இடத்தில் ரேமண்ட் ஹில் பெயரும் இருக்க வேண்டும். பிரவுசரின் சொந்த ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள்.

குரோம்காரர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. கூகுள் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிவிட்டதால் 2025-ஓடு முழு யூபிளாக் ஆரிஜின் குரோமில் ஓடுவதில்லை. அங்கே கிடைப்பது லைட் பதிப்பு. மோசமில்லை, ஆனால் பட்டியல் புதுசாக வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷனே அப்டேட் ஆகிற வரை காத்திருக்க வேண்டும். போலி அப்டேட்காரன் நேற்று வாங்கிய முகவரியில் இன்று கடை விரிக்கிறவன். அந்த இடைவெளி அவனுக்குப் போதும். நான் எல்லா மெஷினிலும் ஃபயர்பாக்ஸுக்கு மாறிவிட்டேன். "அக்கா, குரோம் எங்க?" என்று கேட்காத ஆளில்லை. "அந்த நரிப் படத்தைத் தட்டு தம்பி, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லிச் சொல்லி இப்போது பழகிவிட்டார்கள்.

இனி, யூபிளாக் கைவிடுகிற இடங்கள். விளம்பரமே இல்லாத ஒழுங்கான தளத்தை யாரோ ஹேக் செய்து, அதற்குள்ளேயே பெட்டியைச் செருகிவிட்டால் அது பல நேரம் தப்பிவிடும். ஏதோ ஒரு பள்ளிக்கூடத் தளம், மருத்துவமனைத் தளம் என்று நாம் நம்பிப் போகிற இடத்திலேயே வரும். நான் பார்த்ததில் இதுதான் ரொம்ப நேர்த்தி. பக்கம் முழுக்க வெள்ளை, நடுவில் குரோம் சின்னம், எழுத்தும் இடைவெளியும் கூகுள் செய்தது போலவே இருக்கும். பட்டனைத் தட்டினால் அப்டேட் என்ற பெயரில் ஒரு சின்ன ஃபைல் இறங்கும், பெயர் ஜேஎஸ் என்று முடியும். சில நேரம் ஜிப்புக்குள் இருக்கும். விண்டோஸில் ஜேஎஸ் ஃபைலை இரண்டு தட்டு தட்டினால் நேரே ஓட ஆரம்பித்துவிடும். பாதுகாப்பு ஆய்வாளர்கள் சோக்கோலிஷ் என்றும் ஃபேக்அப்டேட்ஸ் என்றும் பெயர் வைத்து வருஷக்கணக்காக விரட்டிக்கொண்டிருப்பது இந்தக் கூட்டத்தைத்தான். அந்தக் குட்டி ஃபைல் கதவைத் திறந்துவிடுவதோடு சரி; பாஸ்வேர்டு திருடுவதும் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பதும் பின்னால் வருகிறவர்கள் வேலை.

இதற்கு நான் செய்து வைத்திருப்பது: ஜேஎஸ் ஃபைல்களை எப்போதும் நோட்பேடில் திறக்கும்படி விண்டோஸில் மாற்றிவிட்டேன். யாராவது தட்டினாலும் திரையில் புரியாத எழுத்து கொட்டும், அவ்வளவுதான். வாடிக்கையாளர் உட்காரும் கணக்கு அட்மின் இல்லாத கணக்கு. எதை நிறுவினாலும் பாஸ்வேர்டு கேட்கும், அது என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டைத் திருட அட்மின் உரிமை வேண்டியதில்லை. அதனால் பிரவுசரில் எதையும் சேமிக்க விடுவதில்லை, மூடியதும் எல்லாம் அழிகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று புதுசு, 2024-லிருந்து பரவலாக நடக்கிறது. "நான் ரோபோ இல்லை" என்று டிக் போடச் சொல்லும் பக்கம். டிக் போட்டதும், விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்து, கண்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டு என்று வரிசையாகச் சொல்லும். முழுத்திரையில் விண்டோஸ் அப்டேட் ஓடுவது போலக் காட்டிவிட்டு இதையே செய்யச் சொல்வதும் உண்டு. நமக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் ஒரு கட்டளையைக் காப்பி செய்து வைத்திருக்கும். நம் கையாலேயே ஓட்டவைக்கிறது. எந்த அப்டேட்டும் இப்படி நடக்காது. இதற்கு மட்டும் ஒவ்வொரு மானிட்டரின் கீழேயும் செல்லோ டேப்பில் ஒரு சீட்டு: "விண்டோஸ் + ஆர் அழுத்தச் சொன்னால் அக்காவைக் கூப்பிடவும்."

கூப்பிடுகிறார்கள். "அக்கா, அப்டேட் பண்ணச் சொல்லுது, பண்ணவா?" நான் முதலில் செய்வது பக்கத்து டேபுக்குப் போவது. பெட்டி அந்த டேபோடு காணாமல் போனால் அது வலைப்பக்கம் வரைந்த பெட்டி, பிரவுசர் சொன்னது இல்லை. திரை முழுக்க அடைத்துக்கொண்டு நகரவிடாவிட்டால் எஸ்கேப்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிடலாம். குரோமின் சொந்த அறிவிப்பு மேலே வலது ஓரத்தில், மூன்று புள்ளி இருக்கும் இடத்தில், பக்கத்துக்கு வெளியே வரும். ஃபயர்பாக்ஸில் ஹெல்ப், அபௌட் என்று போனாலே தானாகத் தேடிப் பார்த்துக்கொள்ளும். விண்டோஸுக்கு செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் மூலையில் "5 வைரஸ் இருக்கிறது" என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிற பெட்டி வேறு ஜாதி. எப்போதோ ஒரு தளத்தில் "அலவ்" கொடுத்ததன் விளைவு அது. இதையும் யூபிளாக் நிறுத்தாது. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தின் பெயரை நீக்கினால் ஓய்ந்துவிடும்.

போனிலும் போடலாம். ஆண்ட்ராய்டு குரோம் எக்ஸ்டென்ஷன் எதையும் ஏற்காது, ஃபயர்பாக்ஸ் ஏற்கும். எதிர் வரிசையில் பூக்கடை வைத்திருக்கிற அண்ணன் போனை நீட்டினார், குரோம் அப்டேட் என்று ஒரு ஏபிகே, அதாவது ஆப்பை நிறுவும் ஃபைல், இறங்கி நின்றது. "அண்ணே, அதைத் தொடாதீங்க, பிளே ஸ்டோர்ல போய் குரோமைப் பாருங்க" என்றேன். அங்கே "திற" என்று மட்டும்தான் இருந்தது, அப்டேட் என்ற பட்டனே இல்லை. ஏபிகே-யை அழித்துவிட்டு, ஃபயர்பாக்ஸையும் யூபிளாக்கையும் போட்டுக் கொடுத்தேன். செய்தித் தளம் விளம்பரமே இல்லாமல் திறந்ததைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப யூடியூப் ஆப்புலயும் விளம்பரம் வராதுல்ல தாயி?" என்றார். அது வேறு ஆப், இது பிரவுசருக்குள் மட்டும்தான் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.