பழைய காலர் மெஷினில் ராஸ்பெர்ரி பை பிக்கோ: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தபின்

திருப்பூரில் பின்னலாடை மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சர்வீஸ் செய்வதுதான் என் தொழில். இந்த வருடத் தொடக்கத்தில், சட்டைக் காலர் பின்னும் ஒரு காலர் மெஷின் வந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை, டிஸ்ப்ளே மட்டும் போய்விட்டது. 240×128 புள்ளிகள் கொண்ட நீலக் கண்ணாடி, பின்னால் அதை இயக்கும் தோஷிபாவின் டி6963சி கன்ட்ரோலர் சிப். திரையில் எழுத்து தெரியாவிட்டால் டிசைன் மாற்ற முடியாது, நூல் அறுந்தால் எந்த ஊசிப் பக்கம் என்றும் தெரியாது. "ஏனுங்க, இந்த டிஸ்ப்ளே எங்கயாச்சும் கிடைக்குமுங்களா?" என்று ஓனர் கேட்டார். பழைய சாமான் கடைகளில் தேடி இரண்டு வாங்கினேன். இரண்டும் ஒரு மாதம்கூடத் தாங்காமல் மங்கிவிட்டன. அப்புறம்தான், புது வண்ணத் திரையைப் போட்டு நடுவில் ஒரு சிப்பை மொழிபெயர்ப்பாளனாக உட்கார வைக்கலாம் என்று தோன்றியது. அதற்கு வாங்கியதுதான் ராஸ்பெர்ரி பை பிக்கோ.

பிக்கோ 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வெளிவந்த சின்ன போர்டு. அதில் இருப்பது ஆர்பி2040 சிப்: இரண்டு கோர், 264 கிலோபைட் ராம், கம்பி இணைக்க வெளியே எடுத்துக் கொடுத்திருக்கும் 26 பின்கள் (சிப்பின் கால்கள்). இதெல்லாம் பல போர்டுகளில் உண்டு. நான் இதை எடுத்ததற்குக் காரணம், பின்களைக் கவனிப்பதற்கென்றே உள்ளே இருக்கும் பிஐஓ என்ற பகுதி. இந்த விமர்சனமே அதைப் பற்றித்தான்.

முதலில் மெஷின் என்ன கேட்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மெஷின் போர்டும் டிஸ்ப்ளேவும் பேசிக்கொள்வது 8 டேட்டா கம்பிகள் வழியாக, ஒரு முறைக்கு 8 பிட்டும் சேர்ந்தாற்போல். கூடவே நான்கு கம்பிகள்: எழுது, படி, சிப் தேர்வு, வருவது கட்டளையா டேட்டாவா என்று சொல்ல ஒன்று. 1974-ல் வந்த இன்டெல் 8080 பிராசசரின் பாணி இது. அதனால் இன்றைக்கும் டிஸ்ப்ளே டேட்டாஷீட்டில் (விவரக் கையேட்டில்) 8080 பஸ் என்றுதான் போட்டிருப்பார்கள். பஸ் என்றால் சேர்ந்து ஓடும் கம்பிக் கூட்டம். போர்டு எட்டுக் கம்பியிலும் மதிப்பை வைக்கும், எழுது கம்பியைக் கீழே இழுக்கும், மேலே விடும். அது மேலே ஏறும் கணத்தில் எதிரில் இருக்கும் சிப் எட்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறியபின் 40 நானோ நொடி மட்டும் மதிப்பு நிற்கும் என்பதே டேட்டாஷீட் தரும் உத்தரவாதம்.

எழுதுவதைப் பிடிப்பது பாதி வேலைதான். ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் போர்டு "நீ தயாரா?" என்று படி கம்பியை இழுத்துக் கேட்கும். 150 நானோ நொடிக்குள் பதில் கம்பியில் இருக்க வேண்டும். பலர் வீட்டில் இருக்கும் ஆர்டுவினோ உனோ போர்டில் ஒரு கிளாக்கே (சிப்பின் ஒரு துடிப்பு) 62.5 நானோ நொடி. இரண்டு கிளாக்குக்குள் கேள்வியைப் பார்த்து, பதிலையும் எடுத்து வைக்க, கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஓடிவரும் எந்த இன்டரப்டாலும் முடியாது.

பிஐஓ இங்கேதான் கைகொடுக்கிறது. ஆர்பி2040-ல் இரண்டு பிஐஓ பிளாக்குகள், ஒவ்வொன்றிலும் நான்கு ஸ்டேட் மெஷின்கள். ஒவ்வொன்றும் பின்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குட்டி பிராசசர். அதற்குத் தெரிந்த கட்டளைகள் ஒன்பதே வகை. ஒரு கட்டளைக்கு ஒரு கிளாக், 125 மெகாஹெர்ட்ஸில் அது 8 நானோ நொடி. கோர் இரண்டும் வேறு வேலையில் மூழ்கியிருந்தாலும் இதன் கணக்கு ஒரு கிளாக்கூடப் பிசகாது. நான் மூன்றைப் பயன்படுத்தினேன்: எழுதுவதைக் கேட்க ஒன்று, "தயாரா"வுக்குப் பதில் சொல்ல ஒன்று, புதுத் திரைக்கு அனுப்ப ஒன்று. சிக்னலைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் படி கம்பி இறங்கியதிலிருந்து பதில் வரும்வரை அளந்தேன். நடுவில் இருக்கும் வோல்டேஜ் லெவல் மாற்றும் சிப்பையும் சேர்த்து 60 நானோ நொடியை ஒட்டி வந்தது. ஒவ்வொரு முறையும் அதே அளவு. அன்றைக்கு ராத்திரி ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் 5 வோல்ட், பிக்கோ 3.3 வோல்ட். நேராக இணைத்தால் சிப் கெட்டுப்போகலாம், எனவே லெவல் மாற்ற நடுவில் 74எல்விசி245 சிப் போட்டேன். டேட்டா கம்பிகள் இரு திசையிலும் ஓடுவதால் அதன் திசை பின்னையும் பிஐஓவே திருப்புகிறது. தனிக் கட்டளை வேண்டாம். பதிலை வைக்கும் அதே கட்டளையோடு பக்கத்துப் பின்னையும் அசைக்கும் வசதி உண்டு.

முதல் முறை ஆன் செய்ததும் மெஷின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. நான் கொடுத்த பதில் 3, அதாவது கட்டளைக்கும் தயார், டேட்டாவுக்கும் தயார் என்று கீழ் இரண்டு பிட். டேட்டாஷீட்டின் முதல் பக்கங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க கம்பியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். காரணம் வேறு. படத்தை மொத்தமாகக் கொட்டும்போது டி6963சி ஆட்டோ முறைக்கு மாறும். அப்போது போர்டு பார்ப்பது கீழ் இரண்டு பிட்டை அல்ல, நான்காவது பிட்டை. பதிலை 3-லிருந்து 15 ஆக்கினேன், மெஷின் ஓடத் தொடங்கியது. பழைய கன்ட்ரோலருக்கு மாற்று செய்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே அனுப்பும் பக்கம். புதுத் திரை 3.5 அங்குலம், 480×320, ஐஎல்ஐ9488 கன்ட்ரோலர். பழைய 240×128-ஐ இரண்டு மடங்காக்கினால் 480×256. அகலம் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், அதனால்தான் இந்த அளவைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு முழுப் படம் 2,45,760 பைட். பிஐஓவில் இதற்கு இரண்டே வரி நிரல்: 8 பிட்டை வெளியே வைத்து எழுது கம்பியை இறக்கு, பிறகு ஏற்று. கிளாக்கை ஐந்தால் வகுத்து ஒரு பைட்டுக்கு 80 நானோ நொடி கொடுத்தேன். முழுப் படம் 20 மில்லி நொடிக்குள் போய்விடுகிறது. இதே திரையை எஸ்பிஐ வழியாக, ஒரே கம்பியில் பிட் பிட்டாக அனுப்பினால் என்ன ஆகும்? எஸ்பிஐயில் இந்தக் கன்ட்ரோலர் ஒரு புள்ளிக்கு மூன்று பைட் கேட்கும். 20 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும் படத்துக்கு 147 மில்லி நொடி. பட்டனை அழுத்தி மெனு மாறும்போது கண்ணுக்கே தெரியும் தாமதம் அது.

264 கிலோபைட் ராமில் இவ்வளவு பெரிய படத்தை வைத்துக்கொண்டு மற்ற வேலையையும் செய்ய முடியாது. தேவையும் இல்லை. பழைய படம் கறுப்பு வெள்ளை, மொத்தமே 3,840 பைட். அதை மட்டும் வைத்துக்கொண்டு, வரி வரியாக வண்ணமாக்கி, கோரின் உதவி இல்லாமலே டேட்டாவை நகர்த்தும் டிஎம்ஏ வழியாகத் தள்ளுகிறேன். பழைய திரை மாதிரியே பின்னணி நீலமாக இருக்கட்டும் என்று எழுதினால் பச்சையாக வந்தது. 16 பிட் வண்ணத்தில் மேல் பைட் முதலில் போக வேண்டும், எனக்குக் கீழ் பைட் முதலில் போயிருக்கிறது. டிஎம்ஏவில் பைட்டை இடம் மாற்றும் வசதியைப் போட்டதும் நீலம் வந்துவிட்டது.

என்னை அதிகம் அலைக்கழித்தது கேபிள். திரை பேனல் கதவில், பிக்கோ உள்ளே. முதலில் 30 செமீ ரிப்பன் கேபிள் போட்டேன். எழுத்துகளைச் சுற்றி பொட்டுப் பொட்டாக வந்தது. அதுவும் எல்லா இடத்திலும் அல்ல, வெள்ளைக் கட்டங்களின் ஓரத்தில் மட்டும். வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறும்போது டேட்டா கம்பிகள் பலவும் ஒரே நேரத்தில் குதிக்கின்றன. பக்கத்தில் போகும் எழுது கம்பி அந்தக் குதிப்பை வாங்கிக்கொண்டு பொய்யாக ஒரு துடிப்பு கொடுக்கிறது. இணையாகப் பல கம்பிகளை ஓட்டுகிற எல்லோரும் படுகிற பாடுதான் இது. பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்கில் 40 கம்பி கேபிள் போய் 80 கம்பி கேபிள் வந்ததும் இதற்காகத்தான். கூடுதலாக வந்த 40-ம் கிரவுண்டு, ஒரு சிக்னலுக்கு ஒன்றாக நடுவில் ஓடும். கடையில் கிடந்த அப்படி ஒரு கேபிளை வெட்டி, ஒன்றுவிட்டு ஒன்றை கிரவுண்டில் கொடுத்து, ஒவ்வொரு சிக்னலுக்கும் பிக்கோ பக்கம் 33 ஓம் ரெசிஸ்டர் போட்டு, நீளத்தையும் 18 செமீ ஆக்கினேன். பொட்டுகள் மறைந்தன.

இணையான பஸ் பழைய காலத்துச் சங்கதி, இனி எல்லாம் பிட் பிட்டாகப் போகும் சீரியல்தான் என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. நீளமான கேபிளுக்கு அது சரி, ஹார்டு டிஸ்க் சாட்டா என்ற சீரியல் இணைப்புக்குப் போனது நியாயம். ஆனால் சிப்பும் சிப்பும் பக்கத்தில் இருந்தால் கம்பிகளை அகலமாகப் போடுவதற்கு ஈடு இல்லை. பெரிய ஜிபியுக்களை (கிராபிக்ஸ் சிப்களை) ஒட்டி வைக்கும் எச்பிஎம் என்ற அடுக்கு மெமரி ஓர் அடுக்குக்கு 1024 டேட்டா கம்பிகளோடு வந்தது. ஒரே பேக்கேஜில் பக்கம் பக்கமாக உட்காரும் குட்டிச் சிப்களான சிப்லெட்டுகளை இணைக்க 2022-ல் வந்த யுசிஐஇ தரமும் அவற்றுக்கு நடுவே 16, 64 என்று தடங்களை இணையாகத்தான் போடுகிறது.

குறை என்றால் பின் எண்ணிக்கைதான். மெஷின் பக்கம் 12, திரைப் பக்கம் 11, திசைக்கு 1. 26-ல் 24 போய்விட்டது. ஒரு பிளாக்குக்கு 32 கட்டளைதான் இடம் என்பதும் பெரிய நிரலுக்கு நெருக்கடி. பிஐஓ நிரலைக் கட்டளை கட்டளையாக நிறுத்திப் பார்க்க எளிய வழி இல்லை, ஆசிலோஸ்கோப் அல்லது லாஜிக் அனலைசர் இல்லாமல் இறங்காதீர்கள். ஆர்பி2040-ன் டேட்டாஷீட் 600 பக்கத்துக்கு மேல், ஆனால் பிஐஓ அத்தியாயம் மாதிரி தெளிவாக எழுதியதை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளோடு இருக்கிறது, பயப்படாமல் படியுங்கள்.

திரை வாங்கும்போது கவனம். நான் ஆன்லைனில் ஒரு கடையில் 8 பிட் பேரலல் என்று கேட்டு வாங்கியது எஸ்பிஐ மாடலாக வந்தது, திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். போர்டின் பின்னால் டி0 முதல் டி7 வரை எட்டும் அச்சாகியிருக்கிறதா என்று படத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மெஷின் ஆறு மாதமாக இரண்டு ஷிஃப்ட் ஓடுகிறது. பஞ்சுத் தூசி, மே மாத வெக்கை எல்லாம் பார்த்தாயிற்று, ஒரு முறைகூடத் திரை உறையவில்லை. இதே மாடல் மெஷின்கள் அந்த ஓனரிடம் இன்னும் மூன்று இருக்கின்றன, அவற்றுக்கும் பிக்கோவே வாங்கி வைத்துவிட்டேன். முழு வண்ணப் படத்தையே ராமில் வைக்க வேண்டிய வேலை என்றால் 520 கிலோபைட் ராமும் மூன்று பிஐஓ பிளாக்கும் உள்ள பிக்கோ 2 எடுங்கள், 5 டாலர்தான்.