கம்பி கட்டப் பணம் கட்டுமுன் ஈறைப் பார்க்கச் சொல்லுங்கள்: 45,000 ரூபாய் போச்சு

மதுரையில் பல கிளைகள் வைத்திருக்கும் பல் கிளினிக் அது. தங்கைக்குக் கம்பி கட்ட மொத்தப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். 45,000 ரூபாய். "இப்பவே முழுசாக் கட்டிட்டா டிஸ்கவுண்ட் உண்டும்மா. மாசாமாசம் வந்துட்டுப் போனாப் போதும், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று கவுன்டரில் இருந்தவர் அவ்வளவு அன்பாகச் சொன்னார். அதை நம்பித்தான் கட்டினோம்.

ஈறை யாரும் அளக்கவே இல்லை. மி.மீ. கோடு போட்ட மெல்லிய கருவியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்க்க வேண்டும். 3 மி.மீ. வரை பயமில்லை. அதற்கு மேல் இறங்கி ரத்தமும் கசிந்தால் முதலில் பல்லில் இறுகிப் படிந்த அழுக்கை (காரை) எடுத்து, ஈறு ஆறிய பிறகுதான் கம்பி. பல் நகர்வதே ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் வளர்வதால்தான். ஈறு நோய் இருக்கும்போதே இழுத்தால் எலும்பு வேகமாகக் கரையும், கரைந்தது தானாக வளராது.

கம்பி கட்டிய பிறகு ஈறில் ரத்தம் வருகிறது என்றோம். "கம்பி போட்டா அப்படித்தான்." மறுபடி போனால், "நீங்க ஒழுங்கா பிரஷ் பண்ணலை." அப்புறம், "அந்த டாக்டர் இப்ப இங்க இல்லை." பணத்தைக் கேட்டதும் போனையே எடுப்பதில்லை.

வேறு டாக்டர் கம்பியைக் கழற்றிக் காட்டினார். கடைவாய்ப் பல்லில் மாட்டிய வளையத்துக்குக் கீழே வழிந்த சிமெண்டைத் துடைக்காமலே விட்டிருக்கிறார்கள். ஈறுக்குள் வெள்ளையாக இறுகிக் கிடக்கிறது. அந்தச் சொரசொரப்பில் அழுக்கு சேரும், எந்த பிரஷும் எட்டாது. அங்கே ஆழம் 6 மி.மீ. கீழ் முன்பற்களில் ஈறு புடைத்து, கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட்டில் பாதியை மூடிவிட்டது. 45,000 ரூபாய் வாங்கியவர்கள் ஒரு தடவைகூட க்ளீனிங் செய்யவில்லை!

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். ஈறு அளவையும் முழுத்தாடை எக்ஸ்ரேயையும் கையில் வாங்குங்கள். கம்பி கட்டும் டாக்டர் எம்.டி.எஸ். ஆர்த்தோ (பல் சீரமைப்பில் மேற்படிப்பு) படித்தவரா என்று கேளுங்கள். கம்பிக்கு அடியில் நுழையும் குட்டி பிரஷ் தினமும் வேண்டும். ரத்தம் வருகிறதென்று தேய்ப்பதை நிறுத்தக் கூடாது, நன்றாகத் தேய்த்தும் நிற்காவிட்டால் உடனே வேறு டாக்டர். பில்லைத் தொலைக்காதீர்கள். 45,000 ரூபாய் பில்லோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம்.