பத்து மீட்டரா, ஐம்பதா, ஆயிரம் கெஜமா? கொங்கு ரைபிள் கிளப்புகளுக்காக ஓர் அலசல்

பாரிஸ் ஒலிம்பிக் நடந்த 2024 ஜூலை கடைசியில் எங்கள் கிளப் போன் ஓயவே இல்லை. மனு பாக்கர் 10 மீட்டர் பிஸ்டலில் ஒரு வெண்கலம், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொன்று. அப்புறம் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் மூன்றாவது. “ஏனுங், எட்டாவது படிக்கற புள்ளைங்க, சேர்த்துக்குவீங்ளா?” என்று பல்லடத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் கேட்டார்கள். ஹாலில் நிற்க இடமில்லை. தை பிறந்தபோது அப்படி வந்தவர்களில் பாதிப் பேரைக் காணோம்.

ஆள் வருவது நமக்குச் சிக்கலே இல்லை. வந்தவர் ஏன் போகிறார் என்று உட்கார்ந்து யோசிப்பவர்கள்தான் குறைவு. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வட்டாரத்தில் ஒரு கிளப் தன் உறுப்பினர்களுக்கு எந்த வகைச் சுடுதலைக் கொடுக்கலாம்? நான்கு வழி இருக்கிறது: ஹாலுக்குள் 10 மீட்டர் ஏர் ரைபிள், 50 மீட்டர் .22 (சிறு விட்டத் தோட்டா ரைபிள்), பெரிய ரைபிளில் 300 மீட்டரிலிருந்து ஆயிரம் கெஜம் வரை, அப்புறம் திறந்தவெளியில் ஏர் ரைபிளை வைத்தே 50 மீட்டர். என் சாய்வு கடைசி வழியின் பக்கம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் அதற்கேற்ப எடைபோட்டுக் கொள்ளலாம்.

ஹாலுக்குள் பத்து மீட்டர்

ஆளைச் சேர்ப்பதில் இதை அடிக்க ஒன்றும் இல்லை. 4.5 மில்லிமீட்டர் விட்டம், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். ஒரு நீளமான அறை, வெளிச்சம், குண்டு பிடிக்கும் பெட்டி, கண்டிப்பான ஒரு கோச் இருந்தால் போதும். வந்த முதல் நாளே பிள்ளை சுட்டுவிடலாம். 2018 முதல் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே 60 குண்டு என்பதால் அண்ணனும் தங்கையும் ஒரே கணக்கில் போட்டி போடுகிறார்கள். பள்ளிப் போட்டி, மாநிலப் போட்டி, மாவ்லங்கர் (நேஷனலுக்கு முந்தைய தகுதிப் போட்டி), நேஷனல் என்று படிக்கட்டும் தெளிவாக இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது நியாயமான ஆசை.

தக்கவைப்பதில்தான் இது சறுக்குகிறது. ரைபிள் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். நட்டநடுவில் விழுந்தால் 10.9, அறுபது குண்டுக்கு அதிகபட்சம் 654. முதல் ஆறு மாதம் ஸ்கோர் மளமளவென்று ஏறும். அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் சட்டை, பூட்ஸ், சொந்த ரைபிள் என்று காசு கேட்கும். வெளிநாட்டு மேட்ச் ரைபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். சித்திரை வெயிலில் தடித்த கேன்வாஸ் சட்டை மாட்டிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நிற்பது பெரியவர்களுக்கே சோதனை. பத்தாம் வகுப்பு வந்ததும் “பரிட்சை முடியட்டுங்க” என்பார்கள். ப்ளஸ் டூ வந்ததும் அதுவும் சொல்ல மாட்டார்கள், வருவது நின்றுவிடும்.

இன்னொரு இழப்பு கணக்கிலேயே வராது. பிள்ளையைக் கூட்டிவரும் அப்பாக்கள். எங்கள் கிளப்பில் சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர், மகளை வாரம் மூன்று நாள் கொண்டுவந்து விடுவார். வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து போன் பார்ப்பார், டீ குடிப்பார், கூட்டிப் போவார். இரண்டு வருஷம் இப்படியே. நாங்கள் யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. ஹாலின் பழக்கமே அப்படி. அங்கே சுடுவது பிள்ளைகளின் வேலை, காத்திருப்பது பெரியவர்களின் வேலை.

.22-ஐப் பற்றிச் சுருக்கமாக

50 மீட்டர் .22 அருமையான விளையாட்டு. பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். பத்து மைல் வேகக் குறுக்குக் காற்று குண்டை ஓர் அங்குலம் அளவுக்கு நகர்த்திவிடும். அதாவது காற்று இங்கேதான் ஆட்டத்துக்குள் வருகிறது. இதில் நிலைத்தவர்கள் எளிதில் விடுவதில்லை.

ஆனால் நிலைப்பதற்குள் எத்தனை படி! லைசென்ஸ் 21 வயதுக்குப் பிறகு. விண்ணப்பம், விசாரணை, காத்திருப்பு. மேட்ச் தோட்டா சங்கம் வழியாக ஒதுக்கீட்டில் வரும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டிக்குப் போகிறவர் விலக்குக் கேட்டு மனுவோடு நடக்க வேண்டும். ஆர்வமுள்ள ஒரு பையனுக்கு நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். காகிதம் மேசை மேசையாகச் சுற்றி முடிவதற்குள் அவன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். ஏற்கெனவே ஊறிப்போனவர்களுக்கான அடுத்த படியாக .22 சரி. புதியவரைச் சேர்க்கும் வாசலாக அது உதவாது.

ஆயிரம் கெஜம்: கிடைக்காது, ஆனால் கற்றுக்கொள்ளலாம்

உண்மையான தொலைதூரச் சுடுதல் என்றால் 1876இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் தொடங்கிய பால்மா போட்டியைச் சொல்வார்கள். 800, 900, 1000 கெஜம், ஒவ்வொன்றிலும் 15 குண்டு, இன்றைக்கு .308 ரைபிள், தொலைநோக்கி ஸ்கோப் கிடையாது. ஆயிரம் கெஜத்தில் மிதமான குறுக்குக் காற்றே குண்டை ஆளுயரத்துக்கு மேல் தள்ளிவிடும். இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் 1890 முதல் தொலைதூரச் சுடுதல் நடக்கிறது.

கொங்கு நாட்டில் இதற்கு வழியில்லை. 7.62 மில்லிமீட்டர் (.308-இன் அதே அளவு) போன்ற ராணுவ விட்டங்கள் சாதாரண ஆளுக்குக் கிடைக்காதவை. குறி தவறிய குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். தோப்பும் தறிக்கூடமும் கோழிப்பண்ணையும் நெருக்கமாக இருக்கிற நம் ஊரில் அவ்வளவு வெற்றிடத்தை எங்கே தேடுவது? மத்தியப் பிரதேசத்தில் மோவ் ராணுவ முகாம் மாதிரியான இடங்களுக்குத்தான் அது ஒத்துவரும். நீலகிரி அரவங்காட்டில் நூறு வருஷத்துக்கு மேலாகக் கார்டைட் (தோட்டா மருந்து) ஆலை இருக்கிறது. அடிவாரத்தில் இருக்கிற நமக்குப் பெரிய ரைபிள் ரேஞ்ச் இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த வருத்தத்தை வைத்துக் கிளப் நடத்த முடியாது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் ஆளைத் தக்கவைத்த விதம். ஜார்ஜ் ஃபார்குவார்சன் என்ற கனடாக்காரர் மூத்த சுடுநர். வயதானால் கண் மங்கும், வாரை இறுக்கிப் படுத்துச் சுட உடம்பு ஒத்துழைக்காது. அதற்காக ஏன் ஒருவர் ரேஞ்சை விட்டுப் போக வேண்டும் என்று யோசித்தார். ஸ்கோப் வைத்துக்கொள், ரைபிளைத் தாங்கியில் வை, குறியின் நடு வளையத்தைப் பாதியாக்கிவிடலாம் என்றார். அவர் பெயரின் முதல் எழுத்தில் அது எஃப் கிளாஸ் ஆயிற்று. 2017இல் அதே கனடாவின் ஒட்டாவாவில் அதன் உலகப் போட்டி நடந்தது. வயதானவர்களைத் தக்கவைக்கத் தோன்றிய ஒரு ஏற்பாட்டுக்கு இளைஞர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

இரண்டாவது, பிஸ்லி வழக்கம். ஒரே குறிக்கு இரண்டு மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் படுத்து மாறி மாறிச் சுடுவார்கள், ஒரு குண்டுக்கு 45 வினாடி. ஒருவர் சுடும்போது அடுத்தவர் ஸ்கோர் எழுதுவார். புதியவர் பக்கத்தில் எப்போதும் ஒரு பழையவர் இருப்பார் என்று தனியாக ஒரு விதி போட வேண்டியதில்லை, ஆட்டமே அப்படிச் செய்துவிடுகிறது. மூன்றாவது, அமெரிக்க வழக்கம். மார்க்ஸ்மேன், ஷார்ப்ஷூட்டர், எக்ஸ்பெர்ட், மாஸ்டர் என்று தரம் பிரித்து, அந்தந்தத் தரத்துக்குள் பரிசு. நேற்று வந்தவர் இருபது வருஷக்காரரிடம் தோற்றுத் தோற்றே சலித்துப் போக மாட்டார்.

வெளியே, 50 மீட்டர், காற்றோடு

லைசென்ஸ் வேண்டாத அதே 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளை மேசை மேல் தாங்கியில் வைத்து, ஸ்கோப் மாட்டி, 50 மீட்டர் தள்ளிக் குறி வைத்துப் பாருங்கள். பத்து மைல் வேகக் குறுக்குக் காற்று பெல்லட்டை அரைச் சாணுக்கு மேல் தள்ளும். கோணக் கணக்கில் இது ஆயிரம் கெஜத்தில் .308 படும் பாட்டுக்குக் கிட்டத்தட்ட சமம். பால்மாக்காரர் அரை மைலுக்கு மேல் வைத்துப் படிக்கிற பாடத்தை ஒரு களத்துமேட்டின் நீளத்தில் படிக்கலாம்.

அதுவும் நம் ஊரில்! பாலக்காட்டுக் கணவாய் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அதன் வழியே வருகிற காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் நெடுக ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் நிற்கின்றன. அம்மி பறக்கிற இந்தக் காற்றை நாங்கள் இவ்வளவு நாளும் ஹால் கதவைச் சாத்தி வெளியே நிறுத்தி வைத்திருந்தோம்.

செய்முறையில் சில விஷயங்கள். ஹாலில் சுடும் தட்டைத் தலை பெல்லட் 25 மீட்டருக்கு மேல் தறிகெட்டுப் போகும். உருண்டைத் தலை பெல்லட்தான் வேண்டும். பின்னால் ஆளுயரத்துக்கு மேல் மண் கரை, இருபுறமும் தடுப்பு, உள்ளூர் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து வாங்கிய சம்மதம் மூன்றும் இல்லாமல் ஒரு குண்டும் சுடக் கூடாது. உள்நாட்டில் தயாராகிற காற்றடைத்த ரைபிள்கள் வெளிநாட்டு மேட்ச் ரைபிள் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. தாங்கி, குறிச்சட்டம், விழுந்து எழும் இரும்புக் குறி எல்லாம் கோவை லேத் பட்டறைகளுக்குக் கைவந்த வேலை. படம் வரைந்து கொடுத்தால் மறுநாள் கையில் இருக்கும்.

முதல் வெளி மேட்ச் வைத்த ஞாயிறு, அந்த விசைத்தறிக்காரர் சேரைவிட்டு எழுந்து வந்தார். “ஏனுங்கண்ணா, நான் ஒருக்கா சுட்டுப் பாக்கட்டுங்ளா?” முதல் ஐந்து குண்டும் வலப்பக்கம் ஓடின. குறியைப் பார்க்கவில்லை அவர். நடுவில் நின்ற வேலியோரத்து எருக்கஞ்செடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இலை அடங்கியதும் சுட்டார். ஆறாவது உள்ளே. அடுத்த வாரம் பை நிறையக் காடாத் துணிக் கிழிசல் கொண்டுவந்தார், விரற்கடை அகலத்தில், நீளநீளமாக. பத்து, இருபத்தைந்து, நாற்பது மீட்டரில் மூங்கில் குச்சி நட்டுக் கட்டினார். “முன்னாடிக் கொடி ஆடறதும் பின்னாடிக் கொடி ஆடறதும் ஒண்ணு இல்லீங்” என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னபோது, இனி இவர் போக மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெயில் ஏறினால் ஸ்கோப்பில் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கவும் பழகிக்கொண்டார்.

குறைகளை மறைக்க மாட்டேன். இதற்கு நம் மாநிலப் படிக்கட்டில் இடமில்லை, சான்றிதழால் கல்லூரி சீட்டு வராது. அதனால் பெற்றோரை இழுக்காது. ஆடி மதியத்தில் காற்று அளவு மீறும். அந்த மாதங்களில் காலை ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஏர் கன் என்றதும் “கொக்கு விழுமுங்ளா, மயில் விழுமுங்ளா?” என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. எவ்வளவு சந்தா கொடுத்தாலும் அவர்களைச் சேர்க்கக் கூடாது. அப்படி ஒருவர் உள்ளே வந்தால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்மேல் வைத்த நம்பிக்கை போய்விடும், ரேஞ்சும் போய்விடும்.

மாதக் கட்டணமா, வருஷச் சந்தாவா

கோச்சிங் அகாடமி மாதிரி மாதக் கட்டணம் வாங்கினால் வாடகையும் ஏசி கரண்ட் பில்லும் கட்ட முடியும். ஆனால் மாதக் கட்டணம் கட்டுகிறவர் வாடிக்கையாளர். பலன் தெரியாத மாதம் நிறுத்திவிடுவார். வருஷச் சந்தாக்காரர் அப்படி இல்லை. மேசை தூக்குவார், கரையில் மண் போடுவார், மேட்ச் நாளில் ஸ்கோர் எழுதுவார். கை வைத்துச் செய்த இடத்தை மனிதர்கள் லேசில் விட மாட்டார்கள். சந்தா மட்டும் வைத்தால் கோச்சுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அதனால் ஹாலுக்கு மாதக் கட்டணம், வெளி ரேஞ்சுக்கு வருஷச் சந்தா என்று இரண்டும் வைத்திருக்கிறோம். ஹாலில் பிள்ளை சேர்ந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வெளி ரேஞ்சில் முதல் வருஷம் இலவசம்.

ஆக, வாசலுக்கு 10 மீட்டரை விட்டால் வேறு வழியில்லை. முப்பது, நாற்பது வயதில் வருகிறவர்களுக்கும், பரிட்சைக்காக விட்டுப் போய் வேலை கிடைத்தபின் திரும்பி வருகிறவர்களுக்கும் 50 மீட்டர் வெளி ரேஞ்ச். .22 கேட்கிறவருக்கு விண்ணப்பத்தில் உதவலாம். மாதத்தின் முதல் ஞாயிறு வெளி மேட்ச்; ஒரு மேசைக்கு இரண்டு பேர், ஒருவர் பழையவர், மாறி மாறிச் சுட வேண்டும். பரிசு தரவாரியாக, பெரும்பாலும் ஒரு டப்பா பெல்லட்.

விசைத்தறிக்காரரின் மகள் இப்போது சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள், சுடுவதை நிறுத்திவிட்டாள். அவர் வருகிறார். போன மேட்ச்சில் அவர் மேசையில் ஒன்பதாவது படிக்கிற புதுப் பெண் ஒருத்தி. டிரிகரில் விரல் வைத்து அவசரப்பட்டாள். அவர் ஸ்கோர் அட்டையிலிருந்து நிமிராமலே சொன்னார்: “நாப்பது மீட்டர் கொடி படுக்கட்டும் கண்ணு, அப்புறம் விடு.”