மருந்துவாழ்மலையா, சிதறாலா? குமரியில் ஒரு காலைக்கு எந்த மலை

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சூரிய உதயம் பார்த்து, படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போய், வள்ளுவரோடு படம் எடுத்துக்கொண்டு, மத்தியானம் அறையில் படுத்துவிடுகிறார்கள். கரையில் நின்று கடலைப் பார்த்தாகிவிட்டது, உயரத்தில் நின்று பார்க்க ஏதாவது மலை இருக்கிறதா என்று கேட்டால் இங்கே உள்ளவர்கள் உடனே சொல்கிற பெயர்கள் இரண்டு. ஒன்று மருந்துவாழ்மலை, இன்னொன்று சிதறால். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் தப்பு.

மருந்துவாழ்மலை நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், சுசீந்திரம் தாண்டி, பொற்றையடியில் இருக்கிறது. பொற்றை என்றால் எங்கள் பக்கத்தில் குன்று. குன்றின் அடியில் இருக்கும் ஊர், அவ்வளவுதான் பெயர்க் காரணம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு இது என்பது ஊர்க் கதை. கீழே பாதி தூரம் வரை படிகள் இருப்பதால் 'இதென்ன கோயில் படி மாதிரி இருக்கே' என்று வேகமாக ஏறத் தோன்றும், ஆனால் அப்புறம் படி தேய்ந்து பாறையும் வேரும் முள்செடியுமாக மாறும் இடத்தில்தான் உண்மையான ஏற்றம் ஆரம்பிக்கிறது, அங்கே மூச்சு வாங்கி உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம். மேலே பிள்ளைத்தடம் என்ற குகை இருக்கிறது. 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவுவதற்கு முன்னால் கேரளத்துச் சீர்திருத்தத் துறவி நாராயண குரு தவம் இருந்த இடம் அது, இப்போதும் கேரளத்திலிருந்து ஆட்கள் அதற்காகவே வருகிறார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே கல் சில்லென்று இருக்கும், திரும்பி வாசலைப் பார்த்தால் வெளிச்சத்தில் தென்னை உச்சிகளும் அதற்கப்பால் கடலும் மட்டும் தெரியும்.

உச்சிக்குப் போனதும் கிடைக்கிற காட்சிக்கு இந்த மாவட்டத்தில் போட்டி இல்லை என்பது என் கட்சி. தெற்கே கடல் நேர்கோடாக இல்லாமல் முனையைச் சுற்றி வளைந்து போவது கண்ணுக்கே தெரியும். 133 அடி வள்ளுவர் சுண்டுவிரல் உயரத்துக்கு நிற்பார். மேற்கே பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் காயல், கீழே வயலும் தாமரைக் குளங்களும், வடக்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகளும். தலையை ஒரு சுற்றுச் சுற்றினால் மாவட்டமே முடிந்துவிடுகிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். நிழல் கிடையாது. எட்டரை மணிக்கு மேல் பாறை சூடேற ஆரம்பித்துவிடும், பத்து மணிக்கு இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். மேலே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பக் கூடாது, தலைக்கு ஒரு லிட்டராவது கையில் வேண்டும். அப்புறம் குரங்குகள். போன தடவை அடிவாரக் கடையில் ஒரு அம்மா, "மக்ளே, அந்தக் கவரை பைக்குள்ள வையி" என்றார். ரெண்டு நிமிட நடைதானே என்று கையிலேயே தொங்கவிட்டுப் போனேன். முதல் திருப்பத்தில் ஒரு குரங்கு கவரை அடியில் கிழித்தது, ஒரு சீப்பு மட்டிப்பழமும் படியில் உருண்டது. அது உரித்துத் தின்ற அழகைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

சிதறால் வேறு மாதிரி. மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். கல் பாவிய சரிவுப் பாதை, இரண்டு பக்கமும் மரம், பேசிக்கொண்டே இருபது நிமிடத்தில் மேலே போய்விடலாம், மூட்டுவலி உள்ள என் அத்தையே இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறிவிட்டார். மேலே சமணர் படுகை, அதாவது சமணத் துறவிகள் தங்கிய இடம். ஒரு பெரிய பாறை இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்க, அதன் அடியில் வரிசையாகத் தீர்த்தங்கரர் (சமண குருமார்) புடைப்புச் சிற்பங்கள், நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர், சமணப் பெண் தெய்வம் பத்மாவதி. ஆய் மன்னன் விக்கிரமாதித்ய வரகுணன் காலத்து, அதாவது ஏறத்தாழ ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய கல்வெட்டு இருக்கிறது. குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி பொன் நகை கொடுத்த செய்தி அதில் வருகிறது. பின்னாளில் இதே இடம் பகவதி கோயிலாகிவிட்டது. சிற்பத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்கத் தெரிந்தவர்களுக்கு இது மருந்துவாழ்மலையைவிடப் பெரிய இடம். ஆனால் கடல் பார்க்க என்று இங்கே வந்தால் ஏமாற்றம்தான். காட்சி என்பது தாமிரபரணி ஆறும் (குழித்துறையாறு, திருநெல்வேலிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்), ரப்பர் தோட்டங்களும், முடிவே இல்லாத தென்னையும். தொல்லியல் துறை பராமரிக்கும் இடம் என்பதால் விடியற்காலையில் ஏறும் திட்டமும் சரிவராது.

ஏறவே முடியாதவர்கள் கூட இருந்தால் வட்டக்கோட்டை. திருவிதாங்கூர் காலத்துக் கோட்டை, கன்னியாகுமரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர், சரிவான மேடையில் நடந்து மதில் மேலே போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைத்தொடர். மலையேற்றம் என்று சொல்லிக்கொள்ள முடியாது, படம் மட்டும் நன்றாக வரும்.

ஆக, முழங்கால் சரியாக இருந்து ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது என்றால் நான் மருந்துவாழ்மலைக்குத்தான் அனுப்புவேன், அதுவும் வெளிச்சம் வந்ததும் முதல் படியில் கால் வைக்கிற மாதிரி. இருட்டில் டார்ச் வைத்து ஏறுவது வேண்டாம், பாறைப் பகுதியில் வழி தவறும். தேய்ந்த செருப்பும் வேண்டாம். மழை பெய்த மறுநாளும் வேண்டாம். குமரிக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு, அதனால் சென்னைக் கணக்கில் ஜூன் மாதத்தை வெயில் மாதம் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். ஆடிக் காற்றில் உச்சியில் நின்றால் தொப்பி பறந்துவிடும். தை, மாசி நல்லது.

ஒரு முழு நாள் இருந்தால் இரண்டையும் பார்க்கலாம், வரிசைதான் முக்கியம்: காலையில் மருந்துவாழ்மலை, இறங்கிச் சுசீந்திரத்தில் இட்லி, குளித்து ஒரு தூக்கம், மூன்று மணிக்கு மேல் சிதறால். ஒருமுறை இதைத் தலைகீழாகச் செய்து, நாலு மணி வெயிலில் பொற்றையடியில் இறங்கினோம். பாதிப் படியில் தங்கை உட்கார்ந்துவிட்டாள். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுண்ணே, நான் கீழ நுங்கு தின்னுட்டு இருக்கேன்" என்றாள். நான் உச்சிக்குப் போகவில்லை, நுங்குக்கே போய்விட்டேன்.