620 டாலருக்குப் பதினோரு வருடப் பழைய ‘விண்டர் டயர்’

620 டாலர். ஒவ்வொரு தாளாக எண்ணிக் கையில் கொடுத்த காசு. நாளைக்கு எழுதலாம் என்றால் கோபம் ஆறிவிடும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது கனடாவில் சட்பரி. டொரன்டோவிலிருந்து வடக்கே கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். மைனஸ் 30 தொடும் நாள்கள் குளிர்காலத்தில் எப்படியும் வந்துவிடும். வண்டி 2010 மாடல் டொயோட்டா யாரிஸ். இந்தச் சின்ன வண்டியை வைத்துக்கொண்டு பனியில் என்ன செய்வாய் என்று கேட்காத ஆள் இல்லை. உண்மையில் ஒல்லியான டயர்தான் பனியை அமுக்கிக்கொண்டு கீழே இறங்கும். அகல டயர் மேலே மிதக்கப் பார்க்கும். ராத்திரி இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரின் ஒயரைக் கரண்டில் சொருகி வைத்தால் காலையில் முதல் சாவிக்கே கிளம்பிவிடும். வண்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

டிசம்பர் முதல் வாரம் நண்பன் வீட்டுக்கு, டொரன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோ போனேன். பழைய பொருள் வாங்கி விற்கும் ஆப் ஒன்றில் விளம்பரம்: இரும்பு ரிம்மோடு நாலு விண்டர் டயர் (குளிரிலும் இறுகாத ரப்பரில் பனிக்கென்றே செய்த டயர்), ஒரே சீசன் ஓடியது, மாட்டிக் கொடுக்கப்படும். போன் போட்டால் தமிழ்க் குரல். சின்ன கராஜ். உள்ளே போனதும், “சட்பரியிலிருந்தா தம்பி வர்ற? அவ்வளவு தூரம்! முதல்ல டீ குடி” என்றார். அந்த டீயில்தான் விழுந்தேன். கரடிப் படம் போட்ட இரண்டு டாலர் நாணயத்தை எடுத்து டயர் பட்டனுக்கு நடுவில் செருகிக் காட்டினார். “பாரு, கரடியோட கால் வரைக்கும் இறங்குது. புதுசு மாதிரி. நம்ம பிள்ளைகளுக்குக் கெட்டதைக் கொடுப்பேனா?” டயர் கறுகறுவென்று பாலிஷ் போட்டு மின்னியது. அப்புறம் அடுத்த தூண்டில்: “பில் போட்டா 13 சதவீதம் வரி. காசா கொடுத்துடு, 620 போதும்.” 80 டாலர் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

முந்தாநாள் 69ஆம் நெடுஞ்சாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பிரெஞ்ச் ரிவர் தாண்டி ஒரு வளைவு. வேகம் 70கூட இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான். முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது, பின்பக்கம் கேட்கவில்லை. வால் தனியாக வீச, வண்டி அரை வட்டம் அடித்து ஓரப் பனிக்குள் பின்புறமாகப் போய்ச் செருகியது. எதிரே ஒரு மரலாரி வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. பிக்கப்பில் வந்த ஒருவர் பட்டை கட்டி இழுத்துவிட்டார், காசு வாங்கவில்லை.

நேற்று சட்பரி மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். பின் டயர் இரண்டும் விண்டர் டயரே இல்லை. எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும்) என்று மட்டும் போட்ட ஆல் சீசன், அதாவது எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் சாதா டயர். விண்டர் டயருக்கு அடையாளமான, மூன்று முகட்டு மலைக்குள் பனித்துகள் போட்ட குறி அதில் இல்லவே இல்லை. முன்னால் ஏதோ கொஞ்சம் பிடிப்பு, பின்னால் வழுக்கல், வால் வீசாமல் என்ன செய்யும்? முன் டயர் இரண்டும் விண்டர்தான், ஆனால் டயர் எப்போது செய்தது என்று சொல்லும் முழு டாட் (DOT) எண் இருக்கிற பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். விளக்கு அடித்துக் காட்டினார்: 2814. அதாவது 2014ஆம் வருடம், 28ஆவது வாரம். கட்டை விரல் நகத்தால் அழுத்தினார், தடமே விழவில்லை. பக்கத்தில் கிடந்த புது டயரில் அழுத்தினார், லேசாக அமுங்கியது. பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தால் என்ன, ரப்பர் கட்டையாகிவிட்டதே.

கராஜுக்குப் போன் போட்டேன். முதல் தடவை: “ஐஸ்ல எந்த டயரும் வழுக்கத்தான் செய்யும் தம்பி.” இரண்டாவது தடவை: “நீ வேகமாப் போயிருப்ப.” தேதி எண்ணைச் சொன்னதும் குரல் மாறியது. “நான் கொடுத்த டயர்தான்னு என்ன சாட்சி? பில் இருக்கா?” மூன்றாவது தடவை யாரோ ஒரு பையன் எடுத்து, அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார் என்றான். பின்னால் அதே அண்ணன் யாருக்கோ டீ சொல்லும் சத்தம் கேட்டது! படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்ததோடு சரி. ஆப்காரர்களோ, நேரில் நடந்த கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். இதில் இன்னொரு கூத்து, நாலும் விண்டர் டயர் என்று சொல்லி இன்சூரன்ஸில் தள்ளுபடி வேறு வாங்கியிருக்கிறேன். அவர்களிடம் இனி என்ன சொல்வது?

620 டாலர். ஒரு மாத மளிகையும் போன் பில்லும் போக மிச்சம் இருந்திருக்கும்.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. டாட் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், வாரமும் வருடமும் அதில் இருக்கும். எண் தெரியாவிட்டால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மலைக் குறி நாலிலும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பில் இல்லையென்றால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைப் பெயரை யாரும் கேட்காதீர்கள். பில் இல்லாமல் பெயரைப் போட்டால், நாளைக்கு அவர் கேட்கும் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.