செம்பு என்று சொல்லி அலுமினியத்தைப் பொருத்தினார்கள்: ஐந்து மாதச் சேமிப்பு போய்விட்டது

இன்று மதியம் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பிராசஸரின் மேல் இறுக்கமாக உட்கார்ந்து அதன் வெப்பத்தை இழுத்து வெளியேற்ற வேண்டிய உலோகப் பாகமான ஹீட்சிங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தாங்கிப் பிடித்து நிமிர்த்தலாம் என்று கை வைத்தேன். அதன் அடிப்பாகத்திலிருந்து ஒரு துண்டு, செல்லரித்த மரம் போல உதிர்ந்து என் விரலோடு வந்துவிட்டது. மரமல்ல, உலோகம்!

போனது என் ஐந்து மாதச் சேமிப்பு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் அவர்கள் சொன்ன சமாதானங்களை நானே எனக்குச் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிடுவேன். கணினி இறந்துவிட்டதால் கைபேசியில்தான் தட்டுகிறேன்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் வீட்டிலிருந்தே காணொளித் தொகுப்பு செய்கிறேன். கணினி ஓடினால்தான் வருமானம். சில மாதங்களாகவே பெரிய கோப்புகளை ஏற்றினால் ஃபேன் அலறும், வேகம் குறையும், பிராசஸரின் வெப்பம் 97 டிகிரியைத் தொடும். என் பிராசஸருக்கு 100 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கினாலே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கணினி பழுதுபார்க்கும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். எந்தச் செயலி என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. அந்த மாதிரிச் செயலிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

வந்தவர் இளைஞர். பணிவாகப் பேசினார். அவர்மேல் எனக்கு எந்த இடத்தில் நம்பிக்கை வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்களும் அந்த இடத்தில்தான் விழுவீர்கள். பழைய ஹீட்சிங்கைக் கழற்றி என்னிடம் திருப்பிக் காட்டினார். தெர்மல் பேஸ்ட் வற்றிய குளத்தின் தரை போல வெடித்திருந்தது. "பாருங்கள் அக்கா, நோய் இங்கே இருக்கிறது" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். பார்வைக்கு மழமழவென்று இருந்தாலும் இரண்டு உலோகப் பரப்புகள் முழுமையாக ஒட்டுவதில்லை. இடையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள், அவற்றில் காற்று. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 400 என்றால் காற்றினுடையது வெறும் 0.026. அந்தக் காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்புவதற்குத்தான் பேஸ்ட்.

இவை எல்லாமே உண்மை. தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு சொல்லிலும் பிழையில்லை. அதனால்தான் அடுத்து அவர் சொன்னதையும் நம்பினேன். சாதாரணப் பேஸ்டின் கடத்துத்திறன் பத்துக்கு முன்னேபின்னேதான் இருக்கும், பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம், அதாவது சாதாரண வெப்பத்திலேயே உருகிய நிலையில் இருக்கும் உலோகக் கலவை, போட்டால் எழுபதைத் தாண்டும் என்றார். "பிளேஸ்டேஷன் 5-இல் சோனியே இதைத்தான் போட்டிருக்கிறது. உங்கள் ஹீட்சிங்க் இதற்குத் தாங்காது, அலுமினியம். முழுச் செம்பு அடிப்பாகம் உள்ள புதிய ஹீட்சிங்க் கொண்டு வந்திருக்கிறேன், இரண்டையும் சேர்த்துச் செய்துவிடலாம்" என்றார். அலுமினியம் கூடாது என்று அவர் வாயாலேயே சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிய ஹீட்சிங்கின் அடிப்பாகத்தைக் காட்டினார். தட்டையாக்கப்பட்ட நான்கு செம்புக் குழாய்கள் பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றுக்கிடையே வெள்ளி நிறத்தில் மெல்லிய பட்டைகள் தெரிந்தன. நான் கேட்டேன். கேட்காமல் ஏமாந்திருந்தால்கூட மனம் இத்தனை எரியாது. "இந்த வெள்ளைப் பட்டை என்ன தம்பி?" என்று விரலை வைத்தே கேட்டேன். "நிக்கல் முலாம் அக்கா, செம்பு கறுக்காமல் இருக்கப் பூசுவார்கள்" என்றார். நிக்கல் முலாம் பூசிய செம்புதான் திரவ உலோகத்துக்கு ஏற்றது என்று எங்கோ படித்திருந்தேன். பதில் பொருந்திப்போனது. தலையாட்டினேன்.

அது முலாமல்ல. அலுமினியக் கட்டியில் பள்ளம் வெட்டி, அதில் செம்புக் குழாய்களைப் பதித்து, மேற்பரப்பைச் சமமாகச் சீவிய ஹீட்சிங்க் அது. குழாய்கள் நேரடியாகப் பிராசஸரைத் தொடும் வகை. அந்த வகையில் தவறொன்றும் இல்லை. சாதாரணப் பேஸ்ட் போட்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். முழுச் செம்பு என்று சொல்லி அதை விற்றதும், அதன்மேல் திரவ உலோகத்தைப் பூசியதும்தான் குற்றம்.

சிறிய ஊசிக்குழலிலிருந்து ஒரு துளி விட்டார். பாதரசம் போல உருண்டு நின்றது. பஞ்சுக்குச்சியால் தேய்க்கத் தேய்க்கப் பரவி, பிராசஸரின் மேல்மூடி கண்ணாடி போல ஆனது. ஹீட்சிங்கின் அடியிலும் அப்படியே தேய்த்தார், அந்த வெள்ளைப் பட்டைகளின் மேலும் அழுத்தித் தேய்த்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேலை முடிந்து சோதித்தபோது முழுச் சுமையிலும் 68 டிகிரி. அந்த நிமிடமே பணத்தைச் செலுத்தி, செயலியில் ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன். பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்டைப் போட்டிருந்தாலே வெப்பத்தின் பெரும்பகுதி இறங்கியிருக்கும் என்பது இப்போது தெரிகிறது. மேல்மூடி உள்ள பிராசஸரில், அந்த மூடிக்கும் ஹீட்சிங்கிற்கும் இடையே பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் போடுவதால் கூடுதலாகக் கிடைப்பது சில டிகிரிதான். அந்தச் சில டிகிரிக்காக ஐந்து மாதச் சேமிப்பு!

திரவ உலோகம் என்பது பெரும்பாலும் காலியம். அதனுடன் இண்டியமும் வெள்ளீயமும் கலந்திருக்கும். காலியம் அலுமினியத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையே உள்ள எல்லைகளில் ஊடுருவி, அவற்றின் பிடிப்பை உடைத்துவிடுகிறது. வெளியே வடிவம் அப்படியே இருக்கும், உள்ளே வலு இருக்காது. அலுமினியத்தின் மேல் இயற்கையாக இருக்கும் ஆக்சைடு படலம் கொஞ்ச காலம் தடுத்து நிற்கும். அழுத்தித் தேய்த்தாலோ கீறினாலோ அந்தக் காவலும் போய்விடும். விமானத்தில் காலியம் கொண்டுசெல்லக் கடும் கட்டுப்பாடு இருப்பதே இதனால்தான், விமானத்தின் உடல் அலுமினியமாயிற்றே. இதெல்லாம் தொழில் செய்கிறவருக்குத் தெரியாது என்றால் அவர் என் வீட்டு வாசலை மிதித்திருக்கக் கூடாது. தெரிந்தே செய்தார் என்றால் அதற்கு என்ன பெயர்?

மூன்றாவது வாரம் 75 டிகிரி. ஐந்தாவது வாரம் 86. செயலியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "தூசி படிந்திருக்கும், சுத்தம் செய்து பாருங்கள்." செய்தேன், குறையவில்லை. "அறை வெப்பமாக இருக்கலாம்." அறை அதே அறை, நாற்காலிகூட நகரவில்லை. அந்த இளைஞருக்கே அழைத்தேன். முதல் தடவை எடுத்து, "திரவ உலோகம் செட் ஆக நேரம் எடுக்கும் அக்கா" என்றார். அப்படி எதுவும் கிடையாது. அது காய்கிற பசை அல்ல. இரண்டாவது தடவை, வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை.

ஏழாவது வாரம் வேலை நடுவில் கணினி அணைந்தது. மீண்டும் எழுதினேன். "பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. கழற்றுவதற்கு முன் ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. அதன் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தக் காட்சி.

உதிர்ந்த துண்டின் உட்புறம் ஈரச் சாம்பல் நிறத்தில் இருந்தது. துணியால் துடைத்தால் கறுப்புப் பொடி ஒட்டியது. செம்புக் குழாய்கள் நிறம் மாறியிருந்தாலும் உறுதியாக இருந்தன. அவற்றுக்கு இடையே இருந்த பட்டைகள் வெடித்துப் பிளந்திருந்தன. திருகுகள் பிடித்திருந்த மூலைகளில் ஒன்று முழுதாகவே உடைந்துவிட்டது. மதர்போர்டு செங்குத்தாக நிற்கும் பெட்டி என்பதால், ஹீட்சிங்கின் எடை முழுவதும் அந்த மூலைகளில்தான் தொங்கியிருக்கிறது. அது சாய்ந்ததும் இடையில் இருந்த திரவ உலோகம் கீழே வழிந்திருக்கிறது. பிராசஸர் பொருந்தியிருக்கும் சாக்கெட்டின் ஓரத்தில் பளபளவென்று ஒரு கோடு. அதன் அருகே இருக்கும் குட்டிக் குட்டிக் கெபாசிட்டர்களின் மேல் ஒரு மணி. கீழே கிராபிக்ஸ் கார்டின் மேல் இன்னும் இரண்டு மணிகள். திரவ உலோகம் மின்சாரத்தையும் கடத்தும். சுற்றியுள்ள பாகங்களுக்குக் காப்புப் பூச்சோ, வழியாமல் தடுக்க ஒரு தடுப்போ அவர் வைக்கவில்லை. சோனியின் பெயரைச் சொன்னாரே, அந்த நிறுவனம் அதை முறையாகப் பொருத்துவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்ததாம். இவர் அரை மணி நேரத்தில் முடித்தார்.

படங்களை அனுப்பினேன். கால் மணி நேரத்தில் பதில்: "வாடிக்கையாளரே பெட்டியைத் திறந்திருப்பதால் உத்தரவாதம் செல்லாது." திறக்கச் சொன்னதே நீங்கள்தானே என்று, அவர்களுடைய செய்தியையே படமெடுத்துத் திருப்பி அனுப்பினேன். "நாங்கள் வாடிக்கையாளரையும் தொழில்நுட்பரையும் இணைக்கும் தளம் மட்டுமே, அவரையே தொடர்புகொள்ளவும்" என்றார்கள். அவர் எடுக்கவில்லை என்று எழுதுவதற்குள் உரையாடல் பெட்டி மூடிக்கொண்டது. புகாரின் நிலை: "தீர்க்கப்பட்டது".

எது தீர்ந்தது? மதர்போர்டு போயிற்று. கிராபிக்ஸ் கார்டுக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியவில்லை. பிராசஸரைச் சோதிக்க என்னிடம் வேறு மதர்போர்டு இல்லை. அவருக்குக் கொடுத்த கூலியும் ஹீட்சிங்கின் விலையும் ஒரு மாதச் சேமிப்பு. மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் மறுபடி வாங்க இன்னும் நான்கு மாதச் சேமிப்பு. ஐந்து மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்தது. ஒப்புக்கொண்ட இரண்டு வேலைகளை வேறு திருப்பிக் கொடுக்க வேண்டும்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். அடிப்பாகத்தில் வெள்ளி நிறப் பகுதி எங்கே தெரிந்தாலும், எதனால் ஆனது என்று தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் நீங்களே பாருங்கள். கொண்டு வந்தவர் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். அலுமினியம் ஒரு கீற்று இருந்தாலும் திரவ உலோகம் வேண்டாம். வீட்டுக் கணினிக்கு நல்ல தெர்மல் பேஸ்ட் போதும், பட்டாணி அளவு. பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புது ஹீட்சிங்கின் அடியில் பிளாஸ்டிக் படலம் இருந்தால் உரித்துவிட்டு, திருகுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தெர்மல் பசை என்று ஒட்டுகிற வகையைக் கொண்டு வந்தால் பிராசஸர் பக்கமே விடாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. ஒரு மாதமாவது வெப்பத்தைக் குறித்து வைத்துவிட்டு, அதன் பிறகு நட்சத்திரம் கொடுங்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னால், உத்தரவாதம் போகாது என்று எழுத்தில் வாங்காமல் திறக்காதீர்கள்.

ஒரு உதவி. சாக்கெட்டின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கோட்டை நான் இன்னும் தொடவில்லை. துடைத்தால் ஊசிகளுக்கு இடையே இன்னும் பரவிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. திரவ உலோகத்தைச் சாக்கெட்டிலிருந்து எடுத்த அனுபவம் யாருக்காவது இருந்தால், எதைக் கொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மேசைமேல் படுக்க வைத்திருக்கிறேன்.